காலையில் வரும் அந்த 'புஸ்'

வாசகர் கேள்வி:

"என்னிடம் இருப்பது பழைய கார்பரேட்டர் வண்டி. நாலு சிலிண்டர், பெட்ரோல், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். போன வருடம் வாட்டர் பம்ப் ஒழுகி, வழியிலேயே தண்ணீர் முழுக்க இறங்கி ஒருமுறை கொதித்துவிட்டது. பம்பை மாற்றினேன். அதற்குப் பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது, புகை வந்தது. முழு இன்ஜின் வேலை பார்த்தோம்: 0.50 ரீபோர் (சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைவது), புது பிஸ்டன், ரிங், பேரிங். ஹெட்டை லேத்தில் கொடுத்து முகத்தை மட்டமாகச் சீவி ஃபேசிங் செய்தார்கள். இப்போது 600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. மெயின் ரோட்டில் 80-ல் கால் மணி நேரம் போனாலோ, ஏற்றம் ஏறினாலோ முக்காலைத் தாண்டிச் சிவப்புக்குப் போகிறது. வேகத்தைக் குறைத்தால் மெல்ல இறங்குகிறது. ரேடியேட்டர் புதிது, மூடி புதிது, தெர்மோஸ்டாட்டையும் (தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) கழற்றி எடுத்தாயிற்று. பலன் இல்லை. ரிசர்வ் பாட்டில் நிரம்பி வழிகிறது; மறுநாள் பார்த்தால் ரேடியேட்டரில் ஒரு லிட்டர் குறைகிறது. காலையில் மூடியைத் திறக்கும்போதுகூட புஸ்ஸென்று காற்று வருகிறது. ஏற்றத்தில் இழுவையும் கொஞ்சம் மட்டம்தான். 'புது இன்ஜின் டைட்டாக இருக்கிறது, 2000 கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும்' என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா?"

பதில்:

ஓட்ட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது, முதலில் சாவியை எடுத்து உள்ளே வையுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட் என்று நீங்கள் மாற்றிய சாமான்கள்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறைதான் ஒரு வரி பிடித்து நிறுத்தியது. காலையில் மூடியைத் திறக்கும்போதுகூட புஸ்ஸென்று காற்று வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மற்ற எல்லாவற்றையும் விட அந்த 'கூட' எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின் குளிர்ந்துவிடும். சூட்டில் பெருத்த தண்ணீர் சுருங்கும். சுருங்கும்போது ரேடியேட்டர் மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து, பாட்டிலில் இருக்கிற தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியிருக்க, விடிந்தபின் உள்ளே அழுத்தம் இருக்க வேலையே இல்லை. இருக்கிறது என்றால் குளிர்ந்தும் சுருங்கி மறையாத ஏதோ ஒன்று அங்கே அடைபட்டுக் கிடக்கிறது. நீராவியாக இருந்தால் ராத்திரியே தண்ணீராகியிருக்கும். மிச்சம் இருப்பது வாயு. மூடிக் கிடக்கிற தண்ணீர்ச் சுற்றுக்குள் இவ்வளவு வாயு வந்து சேர சிலிண்டரை விட்டால் வேறு இடம் கிடையாது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் மற்ற அறிகுறிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றாக வந்து பொருந்தும். முழுச் சுமையில் பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் எரிந்த வாயு 40, 50 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரைக்கும் முட்டும். தண்ணீர்ப் பக்கம் இருப்பதோ 1 பார் அளவு. நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு) ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்தால் போதும், ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைவாயு தண்ணீருக்குள் போகும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் சுமை குறைவு, கசிவும் குறைவு, அதனால் முள் பாதியில் நிற்கிறது. ஏற்றத்திலும் 80-லும் கசிவு கூடுகிறது. வந்த வாயு தண்ணீரைத் தள்ளிப் பாட்டிலுக்கு அனுப்புகிறது, பாட்டில் வழிகிறது. குளிர்ந்த பிறகு அந்தத் தண்ணீர் திரும்பி வர இடம் இல்லை, அதன் இடத்தில் வாயு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் காலையில் ஒரு லிட்டர் குறைகிறது. மறுநாளும் தண்ணீர் குறைந்தபடியே வண்டி கிளம்பினால், ஹெட்டைச் சுற்றி வாயுப் பை. தண்ணீர் தொடாத இடம் சுடத்தானே செய்யும்.

இனி உங்கள் மெக்கானிக் சொன்ன 'டைட்' விஷயம். அவரைக் குறை சொல்லவில்லை, அதில் ஒரு துளி உண்மை உண்டு. புது ரிங் சிலிண்டர் சுவரோடு பழகும் வரை உரசல் கூடுதல்தான். முதல் சில நூறு கிலோமீட்டரில் முள் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே நின்றால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது, இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே போகிறது, சக்கரத்துக்கு வருவது மிச்சம். வண்டி 80-ல் போகும்போது இன்ஜின் 15 கிலோவாட் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் சுமந்து போக வேண்டிய சூடும் கிட்டத்தட்ட அதே அளவு. 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ஏழெட்டு ஒரே நேரத்தில் ஓடுவது போல. இத்தனை சூட்டுக்குப் பக்கத்தில் புது ரிங்கின் கூடுதல் உரசல் சின்னப் பங்கு. அந்த உரசலே தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றத் திணறும், ஐடிலிங் நிற்காது, சூடானதும் இக்னிஷனை அணைத்தால் இன்ஜின் வெட்டினாற்போல் நின்றுவிடும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. தவிர, 600 கிலோமீட்டருக்குப் பிறகு டைட் என்றால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்ததா?

நான் சொல்வதும் ஒரு வரியை வைத்துச் சொன்ன சந்தேகம்தான். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் நிரூபித்துவிட வேண்டும். ஏற்கெனவே ரேடியேட்டரை ஊகத்தில் மாற்றியாயிற்று, ஹெட்டையும் ஊகத்தில் கழற்ற வேண்டாம்.

முதல் சோதனைக்குக் கை மட்டும் போதும். காலையில், இன்ஜின் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது, மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை இரண்டு மூன்று தடவை உயர்த்தச் சொல்லுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை, ஹோஸ் மட்டும் கல் மாதிரி இறுகுகிறது என்றால் அது சூட்டின் அழுத்தம் இல்லை. தண்ணீர் பெருக்க நேரமே ஆகவில்லையே.

இரண்டாவது, ரேடியேட்டர் வாயில் குமிழி பார்ப்பது. எல்லோரும் செய்வார்கள், பாதிப் பேர் ஏமாறுவார்கள். ஏர் லாக் (தண்ணீர் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று) இருந்தாலும் முதலில் குமிழி வரும். அது கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும், சிலிண்டர் வாயு ஓயாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: உங்களுடையது மாதிரி சுமையில் மட்டும் திறக்கிற கசிவு, நிற்கிற வண்டியில் ஒரு குமிழிகூடக் காட்டாமல் போகலாம். குமிழி இல்லை என்பதால் கேஸ்கெட் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

நான் நம்புவது நீல மருந்துச் சோதனையை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் இருக்கும். ரேடியேட்டர் வாயில் தண்ணீருக்கு மேலே தேங்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். புகைவாயுவில் இருக்கும் கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள், தண்ணீரே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டது. இந்தச் சோதனைக்காக மட்டும் ஒரே ஒரு ஏற்றம் ஓட்டிவிட்டு வந்து செய்வது நல்லது. ஆனால் சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். இந்தத் தொழிலில் முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சளானால், எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். தண்ணீர் குடிக்கிற சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்தாற்போல் வெள்ளையாக இருக்கும். பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் வெடிப்புக்கான மேல் நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து, ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொள்ளாவிட்டால் காற்று இன்ஜினைச் சுற்றிவிடும். குமிழி வரும் சிலிண்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஹெட்டைத் திறந்ததும் அந்த இடத்தில்தான் முதலில் கண் போக வேண்டும்.

நிரூபணமானால் அடுத்த கேள்வி: புது கேஸ்கெட் ஏன் 600 கிலோமீட்டரில் விட்டது? இதைக் கேட்காமல் இன்னொரு கேஸ்கெட் வாங்கிப் போட்டால் இன்னொரு 600 கிலோமீட்டர் கிடைக்கும். பதில், போன வருடம் கொதித்த அந்த நாளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் முழுக்க இறங்கினால் மீட்டர் முள்ளை நம்ப முடியாது. சென்சார் தண்ணீரில் முங்காமல் காற்றில் தொங்கும்போது முள் கீழேகூட இறங்கிக் காட்டும், ஓட்டுபவர் நிம்மதியாக இன்னும் சில கிலோமீட்டர் போவார். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளையும். வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பும் விழும். உங்கள் ஹெட்டை ஃபேசிங் செய்தார்கள், சரி, வளைவு போயிருக்கும். வெடிப்புக்கு யாராவது பார்த்தார்களா? வெடித்த ஹெட்டையும் கண்ணாடி மாதிரி மட்டம் சீவ முடியும். தண்ணீர்த் துளைகளை அடைத்து, சுடுதண்ணீரில் முக்கி, காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். குளிரில் மூடிக்கொள்ளும் வெடிப்பு சூட்டில்தான் பேசும், அதனால் சுடுதண்ணீர் என்பதில் பிடிவாதமாக இருங்கள்.

அதைவிட அதிகமாக மறக்கப்படுவது பிளாக்கின் மேல்முகம். ஹெட்டை லேத்துக்கு அனுப்புவார்கள், பிளாக்கை ரீபோருக்கு அனுப்புவார்கள், பிளாக்கின் முகம் மட்டமா என்று பார்க்க யாருக்கும் தோன்றாது. வார்ப்பிரும்பு வளையாது என்று ஒரு நினைப்பு. வளையும். குறிப்பாக 2-ம் சிலிண்டருக்கும் 3-ம் சிலிண்டருக்கும் இடையில், இரண்டு சூடான சிலிண்டர்கள் நெருங்கி நிற்கிற இடத்தில் லேசாகக் குழியும். நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமான நேர்ப் பட்டை) நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். உங்கள் இன்ஜினின் மேனுவலில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். ஆனால் இந்த அளவுள்ள இன்ஜின்களில் பெரும்பாலும் 0.05 நுழையக் கூடாது. தலைமுடியின் தடிமனே 0.05 முதல் 0.1 வரை. அவ்வளவு நுணுக்கமான சமாச்சாரத்தைக் கண்ணால் பார்த்து 'மட்டமாத்தான் இருக்கு' என்று சொல்பவரை நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.

மூன்றாவது காரணம், ஹெட்டைப் பிடிக்கும் போல்ட். இதைப் பற்றி எத்தனை பேசினாலும் எனக்கு அலுக்காது. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு முறுக்கியதும் சத்தம் கொடுக்கும் ரெஞ்ச்) 'கிளிக்' என்றால் போல்ட் இறுகிவிட்டது என்று நினைக்கிறோம். ரெஞ்சில் நாம் கொடுக்கிற பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உரசலாகப் போகிறது, ஹெட்டை அமுக்குவது மிச்சமுள்ள ஒரு பங்குதான். மரையில் துரு இருந்தால் உரசல் கூடி, அந்த ஒரு பங்கும் பாதியாகிவிடும். ரெஞ்ச் அதே இடத்தில்தான் கிளிக் செய்யும். பிளாக்கில் போல்ட் இறங்கும் துளையின் அடி மூடியிருந்தால் இன்னும் மோசம். துளையில் ஆயிலோ கழுவிய தண்ணீரோ தேங்கி நின்றால் போல்ட் இறங்கி அதை அமுக்கும். திரவம் சுருங்காது, ரெஞ்ச் கிளிக் என்னும், ஹெட்டின் மேல் பிடி இருக்காது. பிளாக் வெடித்த கதையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு துளைக்கும் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்து, காற்றடித்துக் காய வைத்த பிறகே போல்ட். மரைக்கு ஆயில் தொட்டுப் போடுவதா, உலரவா என்பதை மேனுவல் சொல்லும், அதன்படியே செய்யுங்கள். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். இத்தனை டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கில் இறுக்கும் ரகப் போல்ட்டாக இருந்தால் பெரும்பாலும் ஒருமுறை நீண்டபின் மறுபடி உதவாது, புதிதுதான். கொஞ்சம் ஓடியபிறகு மறுபடி இறுக்கச் சொல்லும் பழைய ரகக் கேஸ்கெட்டும் உண்டு, தொடவே கூடாத ரகமும் உண்டு. உங்கள் கேஸ்கெட் பாக்கெட்டோடு வந்த தாளை யாராவது படித்தார்களா என்று கேளுங்கள்.

கேஸ்கெட்டைக் கழற்றும்போது தூக்கி எறியாதீர்கள். எந்த இடத்தில் விட்டது என்பது அதில் கறுப்புக் கோடாகப் பதிந்திருக்கும். அதை பிளாக்கின் மேல் மறுபடி வைத்துத் தண்ணீர்த் துளைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில இன்ஜின்களில் கேஸ்கெட்டின் முன்பக்கத் துளைகள் சிறிதாகவும் பின்பக்கத் துளைகள் பெரிதாகவும் இருக்கும். முன்னால் பம்பிலிருந்து வருகிற தண்ணீர் பிளாக் முழுக்க நடந்து கடைசி சிலிண்டரைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் ஹெட்டுக்கு ஏற வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் தண்ணீர் முன்னாலேயே குறுக்குவழியில் ஏறிவிடும். பின் சிலிண்டர்கள் காயும். மேல்பக்கம், முன்பக்கம் என்ற அடையாளம் கேஸ்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், இருந்தும் இந்தத் தவறு நடக்கிறது. 0.50 பெரிதான போருக்கு கேஸ்கெட்டின் நெருப்பு வளையம் (சிலிண்டர் வாயைச் சுற்றி வரும் உலோக விளிம்பு) உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

ஹெட் திறந்திருக்கும்போது சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை சிவப்புக்குப் போயிருக்கிறது, அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பைவிடச் சீக்கிரம் பெருக்கும். பிஸ்டனின் பக்கவாட்டு இழைந்து செங்குத்தாகக் கோடு விழுந்திருந்தால் நகத்தில் தட்டும். ஹோனிங்கில் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) விழுந்த குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தால் பிழைத்தது.

சரி, நீலம் நீலமாகவே நின்றுவிட்டது, ஹோஸும் இறுகவில்லை என்றால்? அப்போது என் சந்தேகம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வேறு பக்கம் தேட வேண்டும். தேடும் இடமும் ரொம்பப் பரந்தது இல்லை. ஊருக்குள் சரியாக இருந்து வேகத்தில் சுடுகிற வண்டியில் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டாம், வேகத்தில் எதிர்க்காற்றே போதும். ஊருக்குள் சுட்டு, ரோட்டில் ஆறினால்தான் ஃபேன், ரிலே, ஃபேனைச் சுற்றிய கவசம் என்று போக வேண்டும். உங்களுடையது அதற்கு நேர் எதிர்.

இழுவை மட்டம் என்று எழுதியிருப்பதால் முதலில் டைமிங், அதாவது பிளக்கில் நெருப்பு விழும் நேரம். இன்ஜின் வேலையில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் சாமான்) வெளியே வந்து போயிருக்கும், காதுக்கு வைத்து டைமிங் செட் செய்திருப்பார்கள். டைமிங் லைட் பிடித்துக் குறியைப் பாருங்கள். நெருப்பு தாமதமாக விழுந்தால் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்குப் பதில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும், அந்தச் சூடு முழுக்க ஹெட்டுக்கு. கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) ஒரு பல் தள்ளியிருந்தாலும் இதே நோய். காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தாலும் எரிதல் மெதுவாகி அதே விளைவுதான். கார்பரேட்டர் அடிக் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட் இரண்டும் புதிதாகப் போட்டவை அல்லவா, அங்கே காற்று இழுக்கிறதா பாருங்கள். கசிவு பெரிதாக இருந்தால் ஐடிலிங்கும் ஆடும்.

அடுத்தது தண்ணீர் ஓட்டம். கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். இன்ஜினை வேகமாக்கும்போது அது உள்வாங்கித் தட்டையாகிறதா என்று பாருங்கள். சில ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும், மாற்றும்போது அதை எடுத்து வீசிவிடுவார்கள். பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) தண்டில் வழுக்கினால் ஐடிலிங்கில் ஒப்பேற்றும், வேகத்தில் கைவிடும். தண்ணீர்ப் பாதையில் அளவுக்கு மேல் பூசிய சிலிகான் பேஸ்ட் உள்பக்கம் புழுவாகப் பிதுங்கி அறுந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய்ச் சொருகிக்கொள்வதும் உண்டு. இதில் என் பங்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொழில் கற்ற புதிதில், போல்ட் எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று ஹெட்டின் தண்ணீர் வாயில் துணியைச் சுருட்டி அடைத்தேன். வேலை முடிந்து அதன் மேலேயே ஹவுஸிங்கைப் பூட்டிவிட்டேன். வண்டி ஏன் சுடுகிறது என்று இரண்டு நாள் நானே தேடினேன். அன்றிலிருந்து நான் அடைக்கிற துணிக்கெல்லாம் வெளியே நீளமாக ஒரு வால் தொங்கும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் ஹெட்டின் முன்பக்கமும் பின்பக்கமும், ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் அளந்து எழுதுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டி ஏமாற்றும். அளக்கிற இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். முள் காட்டுவது நிஜம்தானா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இன்ஜின் வேலையில் வேறு ரகச் சென்சார் மாட்டிவிட்டு முள்ளைப் பார்த்துப் பயந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் தண்ணீரே வழிவதால் அந்த ஆறுதல் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எது காரணமாக இருந்தாலும் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள். அதைக் கழற்றினால் தண்ணீர் தாராளமாக ஓடும், சூடு குறையும் என்பது எல்லோரும் சொல்கிற வைத்தியம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது கீழே பைபாஸ் வழியை அது மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பும். இப்படிச் சூட்டை நீங்களே கூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கம், ஊருக்குள் இன்ஜின் சூடாகவே நேரமாகும், குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் ஆயிலைக் கழுவும், புது ரிங்குக்கு அது நல்லதே இல்லை. தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை விட நேரம் இருக்காது என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள். அது தவறு, வேகமான ஓட்டம் சூட்டைக் கூடுதலாகத்தான் விடும். குற்றவாளி பைபாஸ்தான். புது தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவில் திறக்க ஆரம்பித்து, இன்னும் 10, 15 டிகிரியில் முழுக்கத் திறக்க வேண்டும். மெழுகு இருக்கிற குமிழ்ப் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்கட்டும். லொடலொடவென்று ஆடும் சின்ன வால்வு இருந்தால் அது மேலே வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது.

ஓட்ட வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்: வாயு தண்ணீருக்குள் போகிற அதே வழியில், வண்டி நின்றபிறகு தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். ரிங் வழியாக ஆயிலில் இறங்கினால் ஆயில் பால் மாதிரி ஆகும், புது பேரிங்குகள் போகும். சிலிண்டர் நிறையத் தேங்கிவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடே வளையலாம். கசிவை அடைக்கும் பவுடர், திரவம் என்று விற்பதை ஊற்றிவிடாதீர்கள். 50 பார் முட்டுகிற இடத்தில் அது நிற்காது, புது ரேடியேட்டரைத்தான் அடைக்கும்.

மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நீல மருந்து மஞ்சளானதைக் காட்டி, பிளாக் முகத்தை அளந்தீர்களா, ஹெட்டுக்குப் பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா, போல்ட் துளைகளைக் காய வைத்தீர்களா என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். நல்ல தொழிலாளியாக இருந்தால் மூன்றாவது கேள்விக்குள் அவரே ஸ்பேனரை எடுத்துவிடுவார்.

பூட்டி முடித்தபின் வெறும் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. அலுமினிய ஹெட் அரிக்காமல் இருக்க அதிலுள்ள மருந்து தேவை. மூடி 0.9 பார் என்றால் 0.9-தான் போடுங்கள், அது சரியாகப் பிடித்தாலே வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி வரை கொதிக்காது. பெரிய அளவு மூடி போட்டால் ஹோஸுக்குத்தான் வேலை வைக்கும். முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்து வைத்து நிரப்புங்கள், ஏர் லாக் வெளியேறும். பிறகு அந்தப் பழைய ஏற்றத்தை ஒருமுறை ஏறிவிட்டு வண்டியை ராத்திரி நிறுத்துங்கள். காலையில் மூடியைத் திறக்கும்போது சத்தம் வரக் கூடாது. வந்தால், ஹெட்டின் முன்பக்க, பின்பக்கச் சூட்டு அளவுகளோடு மறுபடி எழுதுங்கள்.